ரகசிய முத்திரையும் வேலை வழக்கும்

1976இல் பிரிட்டனில் இரண்டு ரயில் எஞ்சின்கள் மோதிக்கொண்டதில் பிரிட்டிஷ் ரயில்வே வாரியத்தின் ஊழியர் ஒருவர் இறந்தார். அவருடைய மனைவி இழப்பீடு கேட்டு வழக்குத் தொடர்ந்தார். விபத்து நடந்த கையோடு வாரியத்தின் அதிகாரிகளே விசாரணை நடத்தி, நேரில் கண்டவர்களின் வாக்குமூலங்களுடன் ஓர் அறிக்கை தயாரித்திருந்தார்கள். விபத்து எப்படி நடந்தது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று கிடைக்க வழியில்லை. அதைக் கேட்டபோது வாரியம் தர மறுத்தது. அறிக்கையின் தலைப்பிலேயே ‘வாரியத்தின் வழக்கறிஞரின் பார்வைக்கு’ என்ற பொருளில் அச்சிடப்பட்டிருந்தது. ஆகவே அது வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியம், நீதிமன்றம்கூட அதைக் கேட்க முடியாது என்பது வாரியத்தின் வாதம். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பெரும்பான்மை அதை ஏற்றுக்கொண்டது. நீதிபதி டென்னிங் பிரபு மட்டும் மாறுபட்டார்.

1979இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை வாரியத்தின் வாதத்தைத் தள்ளியது. அறிக்கைக்கு இரண்டு நோக்கங்கள் இருந்தன: இனி இப்படி ஒரு விபத்து நேராமல் ரயில்பாதையைப் பாதுகாப்பது ஒன்று, வரக்கூடிய வழக்கைச் சந்திப்பது மற்றொன்று. இரண்டும் ஏறக்குறைய சம எடையுடன் இருந்தால் ரகசியப் பாதுகாப்பு கிடையாது, வழக்கே மேலோங்கிய நோக்கமாக இருந்திருக்க வேண்டும் என்று அவை சொன்னது. தலைப்பில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பது முடிவான விடை ஆகாது. அந்த மனைவிக்கு அறிக்கை கிடைத்தது.

வேலை தொடர்பான வழக்குகளில் தொழிலாளி தரப்பு இன்றும் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இதுதான். மற்ற வழக்குகளில் என்ன நடந்தது என்பதே பெரும்பாலும் தகராறு. வேலைநீக்க வழக்கில் என்ன நடந்தது என்பதில் சந்தேகமே இருக்காது. கடிதம் கையில் இருக்கும். ஏன் நடந்தது என்பதுதான் கேள்வி. கர்ப்பம் தெரிந்ததால் அனுப்பினார்களா, புகார் கொடுத்ததால் அனுப்பினார்களா, சங்கம் வைத்ததால் அனுப்பினார்களா, அல்லது உண்மையிலேயே வேலை சரியில்லையா? அதற்கான விடை மேலாளருக்கும் மனிதவளத் துறைக்கும் சட்டப் பிரிவுக்கும் இடையே ஓடிய மின்னஞ்சல்களில் இருக்கிறது. அவை அனைத்தும் நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. சட்டப் பிரிவுக்கும் ஒரு நகல் போயிருந்தால் ‘ரகசியம்’ என்று முத்திரை குத்திவிடுவது மிக எளிது.

இந்தப் பாதுகாப்பையே ஒழித்துவிட வேண்டும் என்று வாதிட நான் வரவில்லை. வழக்கறிஞரிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல முடியாத ஊரில் யாருக்கும் சரியான ஆலோசனை கிடைக்காது. தொழிலாளிக்கும் அது தேவை. சங்கத்தின் வழக்கறிஞரிடம் அவர் சொன்னதை நிர்வாகம் கேட்டுப் பெறலாம் என்றால் அவர் வாயே திறக்கமாட்டார். ஆங்கிலச் சட்டம் இதை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. சட்ட ஆலோசனை கேட்பதற்கும் தருவதற்கும் வழக்கறிஞரோடு நடக்கும் ரகசியத் தொடர்பு முதல் வகை. இதற்கு வழக்கு எதுவும் நிலுவையில் இருக்க வேண்டியதில்லை. நடந்துகொண்டிருக்கும் அல்லது நியாயமாக எதிர்பார்க்கப்படும் வழக்குக்காக, அதையே மேலோங்கிய நோக்கமாகக் கொண்டு தயாரானவை இரண்டாம் வகை. இதில் சாட்சிகள், நிபுணர்கள் போன்ற மூன்றாம் நபர்களோடு நடந்த தொடர்பும் அடங்கும்.

பாதுகாப்பு ஒருமுறை நிலைநாட்டப்பட்டுவிட்டால் அது முழுமையானது. டெர்பி மாஜிஸ்திரேட் நீதிமன்ற வழக்கில் 1995இல் பிரபுக்கள் அவை இதைச் சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. அது கொலை தொடர்பான வழக்கு. அங்கேகூட, ரகசியத்தை உடைப்பதால் கிடைக்கும் நீதியைத் தராசின் ஒரு தட்டிலும் ரகசியத்தை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுக்க நீதிபதிக்கு அதிகாரமில்லை என்று முடிவாயிற்று. இதன் விளைவைத் தொழிலாளி தரப்பு வழக்கறிஞர்கள் பலர் சரியாக எடைபோடுவதில்லை என்பது என் கருத்து. ‘இந்த ஆவணம் இல்லாமல் என் கட்சிக்காரருக்கு நீதி கிடைக்காது’ என்ற வாதம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் பயனற்றது. போராட்டம் முழுவதும் வாசலிலேயே நடந்தாக வேண்டும்: இந்தத் தாளுக்கு அந்தப் பாதுகாப்பு எப்போதாவது இருந்ததா? இருந்ததென்றால் நிர்வாகம் அதைத் தானே கைவிட்டுவிட்டதா? அல்லது தவறான செயலுக்காக எழுதப்பட்டதால் அது தொடக்கத்திலேயே எழாமல் போயிற்றா?

முதலில் கேட்க வேண்டியது, எழுதியவர் யார் என்பது. இங்கிலாந்தில் நியூ விக்டோரியா மருத்துவமனை வழக்கில், பணியாளர் விவகார ஆலோசகர்கள் மருத்துவமனைக்குக் கொடுத்த ஆலோசனைக்கு ரகசியப் பாதுகாப்பு கேட்கப்பட்டது. அவர்கள் தகுதி பெற்ற வழக்கறிஞர்கள் இல்லை. ஆலோசனை வேலைச் சட்டத்தைப் பற்றியதாகவே இருந்தாலும் பாதுகாப்பு இல்லை என்று 1990களின் தொடக்கத்தில் வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தீர்த்தது. 2013இல் புருடென்ஷியல் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் அதே வழியில் நின்றது: வரிச் சட்டத்தில் கரைகண்ட கணக்காயர் சொன்ன சட்ட ஆலோசனைக்கும் பாதுகாப்பு நீளாது, நீட்ட வேண்டுமென்றால் அது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. ஏழு நீதிபதிகளில் இருவர் மாறுபட்டார்கள். மனிதவள அதிகாரிகளும் வெளியிலிருந்து வரும் எச்.ஆர். ஆலோசகர்களும் வேலைநீக்கத்தை வடிவமைக்கும் இந்தக் காலத்தில் இந்தக் கோடு மிக முக்கியமானது. நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் சட்ட அதிகாரி விஷயத்தில் ஆங்கிலச் சட்டம் தாராளமானது. அவர் வழக்கறிஞர் என்ற முறையில் சொன்னதைப் பாதுகாக்கிறது. ஆனால் அவரே சில நேரம் நிர்வாக முடிவும் எடுப்பவராக இருப்பார். ‘இவரை எந்தத் துறைக்கு மாற்றலாம், செலவை எப்படிக் குறைக்கலாம்’ என்பது சட்ட ஆலோசனை அல்ல. எந்தத் தொப்பியை அணிந்து எழுதினார் என்று ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் கேட்க வேண்டும்.

அடுத்தது, அதை நிரூபிப்பது யார் என்பது. பாதுகாப்பு கோருபவர்தான் நிரூபிக்க வேண்டும். 2005 டிசம்பரில் இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கு வெடித்தது. அதையொட்டி எழுந்த வழக்கில், 2008இல் உயர் நீதிமன்றம் இதற்கான நடைமுறையைத் தெளிவாக வகுத்தது. ரகசியம் என்று பிரமாண வாக்குமூலத்தில் சொல்லிவிட்டதாலேயே அது நிலைநாட்டப்பட்டதாகாது. ஆவணம் எதற்காக உருவானது என்று இயன்ற அளவு குறிப்பாகச் சொல்ல வேண்டும். போதாதென்றால் நீதிமன்றம் வெளியிடச் சொல்லலாம், மேலும் விளக்கமான வாக்குமூலம் கேட்கலாம், கடைசி வழியாக ஆவணத்தைத் தானே பார்க்கலாம். அது வணிக வழக்குதான். ஆனால் வேலைத் தீர்ப்பாயத்தில் தனியாளாக நிற்கும் ஊழியருக்கு இதைவிடப் பயனுள்ள தீர்ப்பு குறைவு. அங்கே பெரும்பாலும் ‘இவை ரகசிய ஆவணங்கள்’ என்ற ஒற்றை வரியே பதிலாக வருகிறது. அந்த வரியோடு ஊழியர் திரும்பிப் போய்விடுகிறார்.

உள்விசாரணை அறிக்கையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பணியில் இருந்த ஒருவர், தம் மேலாளர் தம்மை இனரீதியாகத் துன்புறுத்தியதாகப் புகார் கொடுத்தார். பல்கலைக்கழகம் ஒரு பேராசிரியரை விசாரிக்க நியமித்தது. அவர் 2022 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தார். அதன்பின் அது பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞர்களிடம் போனது. அவர்கள் திருத்தங்கள் சொன்னார்கள். பேராசிரியரும் தாமாகச் சில மாற்றங்கள் செய்தார். தீர்ப்பாயத்தின் முன் வந்தது திருத்திய பதிப்பு. சட்ட ஆலோசனைக்குப் பின் திருத்தி வெளியிடப்பட்டது என்ற குறிப்பு அதிலேயே இருந்தது. உடனே அந்த ஊழியர் மூலப் பதிப்பைக் கேட்டார்.

பல்கலைக்கழகத்தின் பதில் புத்திசாலித்தனமானது. மூலப் பதிப்பு மட்டும் தனியாக ரகசியம் என்று சொல்வது கடினம். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வழக்கறிஞர் எதை மாற்றச் சொன்னார் என்று தெரிந்துவிடும். அதன்மூலம் ஆலோசனையே வெளிப்பட்டுவிடும், ஆகவே மூலமும் பாதுகாக்கப்பட வேண்டும் என்றார்கள். வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் ஏற்கவில்லை. 2023இல் ஸ்காட்லாந்தின் மேல் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் செஷனும் ஏற்கவில்லை. அறிக்கை எழுதப்பட்டபோது அது சட்ட ஆலோசனைக்காகவும் எழுதப்படவில்லை, வழக்குக்காகவும் எழுதப்படவில்லை. புகாரை விசாரிப்பது அந்த நிறுவனத்தின் அன்றாடக் கடமை. பிறக்கும்போது இல்லாத பாதுகாப்பைப் பின்னால் நடந்த ஒரு திருத்தம் கொண்டுவந்து ஒட்ட முடியாது. இரண்டு பதிப்புகளிலும் உள்ள வேறுபாடுகளில் எது வழக்கறிஞருடையது, எது பேராசிரியருடையது என்றும் ஒப்பிட்டுப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது.

இந்தத் தீர்ப்பை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். புகார் விசாரணை சுதந்திரமாக நடந்தது என்று நிறுவனம் நீதிமன்றத்தில் பெருமையாகச் சொல்கிறது. அந்தச் சுதந்திரமான விசாரணையின் முடிவு எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் மேசைக்குப் போய்த் திரும்பியிருந்தால், முதலில் என்ன எழுதப்பட்டிருந்தது என்று தெரிந்துகொள்வதற்குப் புகார் கொடுத்தவருக்கு உரிமை இல்லையா? அமெரிக்காவிலும் இந்த இழுபறி உண்டு. 1998 ஜூனில் ஃபாரகர், எல்லெர்த் ஆகிய இரு வழக்குகளிலும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பாலியல் தொல்லையைத் தடுக்கவும் திருத்தவும் நியாயமான நடவடிக்கை எடுத்தோம் என்று முதலாளி வாதிடலாம் என்றது. அந்த வாதத்துக்கு நிறுவனங்கள் காட்டியது உள்விசாரணையை. விசாரணையைக் கேடயமாகத் தூக்கினால் அந்த விசாரணையின் ஆவணங்களை மறைக்க முடியாது என்று கீழ் நீதிமன்றங்கள் பல தீர்ப்புகளில் சொல்ல வேண்டியதாயிற்று.

அதே நியாயம்தான் பாதுகாப்பைக் கைவிடுதல் என்ற வாதத்தின் அடிப்படையும். பிரிட்டனில் ஹியூமன்ஸ்கேல் என்ற நிறுவனத்துக்கு எதிராக ஒரு பெண் தொடுத்த வழக்கு 2019இல் மேல்முறையீட்டுக்கு வந்தது. கர்ப்பமாக இருந்ததால் தம்மை வேலையை விட்டு அனுப்பினார்கள் என்றார் அவர். கர்ப்பம் தெரியவே தெரியாது, வேலை சரியில்லை என்றது நிறுவனம். அதைக் காட்ட, வழக்கறிஞருடன் நடந்த உரையாடல் பற்றிய குறிப்பைத் தானே முன்வந்து கொடுத்தது. வேலைநீக்கக் கடிதத்தின் வரைவையும் கொடுத்தது. ஆனால் அதில் வழக்கறிஞர் எழுதிய கருத்துகளை மறைத்துவிட்டது. மறைப்பையும் மீறி அந்த இடத்தில் என்ன இருந்தது என்று அந்தப் பெண்ணால் படிக்க முடிந்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றது. ஒரே ஆலோசனைத் தொடரில் தமக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கிக் காட்டிவிட்டு மீதியை மூட முடியாது, மறைத்த பகுதியையும் அவர் சான்றாகப் பயன்படுத்தலாம் என்றது.

இதற்கு எல்லை உண்டு. சண்டர்லாந்து நகரமன்றத்துக்கு எதிரான சம ஊதிய வழக்கில், சட்ட ஆலோசனை பெற்றுத்தான் முடிவெடுத்தோம் என்று மன்றம் குறிப்பிட்டிருந்தது. அப்படியானால் அந்த ஆலோசனையைக் காட்டுங்கள் என்றார்கள் ஊழியர்கள். ஆலோசனை பெற்றதாகச் சொன்னது மட்டும் அதற்குப் போதாது என்றது மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். ஆலோசனையின் உள்ளடக்கத்தை எவ்வளவு வெளியிட்டார்கள், எதற்காக அதைச் சார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து, மீதியை மறைப்பது அநீதியாகுமா என்று கேட்க வேண்டும். வழக்கறிஞரைக் கேட்டோம் என்று சொல்வது வேறு, அவர் இப்படிச் சொன்னார் பாருங்கள் என்று காட்டுவது வேறு. குறுக்கு விசாரணையில் மனிதவள அதிகாரி எந்த வாக்கியத்தைச் சொல்கிறார் என்பதைத் தொழிலாளி தரப்பு காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும்.

இனி கடினமான பகுதி. ஷெல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மூத்த சட்ட அதிகாரி ஒருவர், நீரிழிவும் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயும் உள்ளவர், இயலாமையின் காரணமாகப் பாகுபாடு காட்டப்பட்டதாக 2015இல் வழக்குத் தொடர்ந்தார். அந்தக் காலத்தில் நிறுவனம் ஆட்குறைப்பில் இறங்கியிருந்தது. 2016 மே மாதத்தில் லண்டன் ஃப்ளீட் தெருவிலுள்ள ஒரு மதுக்கூடத்தில், ஷெல்லின் வழக்கறிஞர் ஒருவர் பாகுபாட்டு வழக்குப் போட்டிருப்பதாகவும் மறுசீரமைப்பைச் சாக்காக வைத்து அவரை வெளியே அனுப்பிவிடலாம் என்றும் யாரோ பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது. பிறகு பெயரில்லாமல் ஒரு மின்னஞ்சலின் நகல் அவருக்கு வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஒரு வழக்கறிஞர் இன்னொரு வழக்கறிஞருக்கு எழுதியது அது. ‘சட்ட ரகசியம்’ என்று தலைப்பிட்டது. ஆட்குறைப்பில் அவரைச் சேர்ப்பதில் உள்ள சட்ட அபாயங்களை அது பேசியது. 2017இல் அவர் வேலையிழந்தார்.

தவறான செயலுக்கு வழி சொல்லும் ஆலோசனைக்கு ரகசியப் பாதுகாப்பு எழுவதே இல்லை என்பது 1884இல் காக்ஸ், ரெயில்டன் வழக்கிலிருந்தே நிலைத்த விதி. இந்த மின்னஞ்சல் அந்த விதிக்குள் வருமா? 2018இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரும் என்றது. ஆட்குறைப்பை வெறும் போர்வையாக வைத்து ஒரு பாகுபாட்டை மறைக்கச் சொல்லும் ஆலோசனை இது என்று அது படித்தது. 2019 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. மின்னஞ்சலைத் தனியே படித்தால், வேலைச் சட்ட வழக்கறிஞர்கள் நாள்தோறும் சொல்லும் வகையான ஆலோசனைதான் அதில் இருக்கிறது என்றது. மதுக்கூடத்தில் பேசியவர்கள் அந்த மின்னஞ்சலைப் பார்த்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லாததால், அந்தப் பேச்சை வைத்து மின்னஞ்சலுக்குப் பொருள் சொல்லக் கூடாது என்றும் சொன்னது.

சட்டப்படி இந்தத் தீர்ப்பு சரியானது என்றே நினைக்கிறேன். உண்மையான மறுசீரமைப்பில், முன்பு புகார் கொடுத்த ஒருவரின் பெயரும் பட்டியலில் வந்தால் அதன் அபாயத்தைப் பற்றி நிறுவனம் வழக்கறிஞரைக் கேட்க முடியாமல் போகக் கூடாது. ஆனாலும் நாள்தோறும் சொல்லப்படுவது என்பதாலேயே ஒன்று தவறில்லாததாகிவிடாது. அபாயத்தை மதிப்பிடுவதற்கும் காரணத்தைத் தயாரித்துத் தருவதற்கும் நடுவே உள்ள கோட்டை அந்தத் தீர்ப்பு இன்னும் அழுத்தமாக வரைந்திருக்க வேண்டும். அதன்பின் 2024இல் டெக்கர்ட் என்ற வழக்கறிஞர் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓர் அளவுகோலைத் தெளிவாக்கியது. தவறு நடந்திருப்பதற்கான சாத்தியமே கூடுதல் என்று கையிலுள்ள சான்றுகள் காட்டினால் பொதுவாக அது போதும். ஆவணம் அந்தத் தவறின் ஒரு பகுதியாகவோ அதை முன்னெடுக்கவோ உருவாகியிருக்க வேண்டும். ஆகவே காதில் விழுந்த பேச்சை நம்பி இந்த வாதத்துக்குப் போகக் கூடாது. யார் எப்போது முடிவெடுத்தார், ஆட்குறைப்புப் பட்டியல் எந்த நாளில் மாறியது, அந்தப் பதவிக்குப் பிறகு ஆள் எடுத்தார்களா என்ற சான்றுகளை முதலில் அடுக்க வேண்டும்.

இந்தியச் சட்டமும் இதே ஆங்கில மரபில் வேரூன்றியது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 126 முதல் 129 வரையான பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 132 முதல் 134 வரையான பிரிவுகளாக நடைமுறையில் உள்ளன. செய்துவிட்ட குற்றத்துக்காக வாதாடக் கேட்டால் பாதுகாப்பு உண்டு, போலிப் பத்திரத்தைக் கொண்டு சொத்தைப் பிடிக்க உதவி கேட்டால் இல்லை என்று அந்தப் பழைய சட்டமே உதாரணம் காட்டியிருந்தது.

2025ஆம் ஆண்டு இதில் பெரிய மாற்றம் வந்தது. சென்னையைச் சேர்ந்த மூத்த வழக்கறிஞர் அர்விந்த் தாத்தார், ஒரு நிறுவனத்துக்குச் சொன்ன சட்டக் கருத்துக்காக அமலாக்கத் துறை அவருக்குச் சம்மன் அனுப்பியது. வழக்கறிஞர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. சம்மன் திரும்பப் பெறப்பட்டது. வழக்கறிஞர்களுக்குப் புலனாய்வு அமைப்புகள் சம்மன் அனுப்பும் பிரச்சினையை உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்து, 2025 அக்டோபர் 31 அன்று தீர்ப்பளித்தது. வழக்கறிஞர்களுக்கான பாதுகாப்பை வலுப்படுத்திய அதே தீர்ப்பில், சம்பளத்துக்கு நிறுவனத்தில் முழுநேரம் பணிபுரியும் சட்ட அதிகாரிக்கு 132ஆம் பிரிவின் பாதுகாப்பு கிடையாது என்றும் சொன்னது. அவர் நீதிமன்றங்களில் தொழில் செய்யும் வழக்கறிஞர் அல்லர். நிறுவனத்தின் வெளி ஆலோசகரோடு அவர் நடத்தும் தொடர்புக்கு 134ஆம் பிரிவு உதவும். நிறுவனத்துக்கும் அவருக்கும் இடையிலான தொடர்புக்கு அது உதவாது.

தொழிற்சாலையிலும் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்திலும் வேலைநீக்க முடிவுகள் பெரும்பாலும் யாருடைய மேசையில் முதலில் ஆராயப்படுகின்றன என்று தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். பணியாளரின் கையில் இன்னொரு தீர்ப்பும் உண்டு. 1993இல் ஈசிஐஎல் எதிர் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, ஒழுங்கு நடவடிக்கையில் குற்றம் உண்டா இல்லையா என்று முடிவு செய்யுமுன் விசாரணை அதிகாரியின் அறிக்கையை ஊழியருக்குக் கொடுத்தாக வேண்டும் என்றது. டண்டீயில் ரகசியப் பாதுகாப்பின் எல்லை வழியாக எட்டிய இடத்துக்கு, இந்தியா முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இயற்கை நீதி வழியாக அருகில் வந்திருந்தது. வேறுபாடு என்னவென்றால், அறிக்கை கையொப்பமாகும் முன் யாரெல்லாம் அதில் கைவைத்தார்கள் என்று இங்கே யாரும் கேட்பது அபூர்வம்.

தொழில் தகராறுகள் சட்டம் ஆவணங்களை வரவழைப்பதில் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரத்தையே கொடுத்தது. அந்த அதிகாரத்தைத் தொழிலாளி தரப்பு முதல் வாய்தாவிலேயே பயன்படுத்த வேண்டும் என்பது என் வேண்டுகோள். நிர்வாகம் ‘சட்ட ரகசியம்’ என்று சொன்னால், மறைக்கும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் தேதி, எழுதியவர், பெற்றவர்கள், அவர்களுடைய பதவி, எழுதப்பட்ட நோக்கம் ஆகியவற்றைப் பிரமாண வாக்குமூலத்தில் பட்டியலிடச் சொல்லுங்கள். விசாரணை அறிக்கையின் எல்லா வரைவுகளையும் கேளுங்கள். சட்ட அதிகாரி வழக்கறிஞராகப் பதிவு செய்தவரா, சம்பளம் வாங்கும் ஊழியரா என்று கேளுங்கள். பட்டியல் வந்த பிறகு எதை எதிர்ப்பது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்யலாம். பட்டியலே இல்லாமல் ஒற்றை வரி மறுப்பை ஏற்காதீர்கள்.